ஆர்டிஸும் ஒரு மயிரிழை நீளமும்

எங்கள் மலையூர் வில்லோ ஃபோர்க்கில் காசு போட்டால் துணி துவைத்துக் கொடுக்கும் லாண்டிரி ஒன்றே ஒன்றுதான். அதன் சொந்தக்காரி ஆர்டிஸ் ஹௌகன். ஒரு காலத்தில் பித்தளை என்ற பேச்சை எடுத்தாலே அவளுக்கு ஆகாது. அதற்குக் காரணம் நாங்கள்தான், இந்த ஊர் ஆண்பிள்ளைகள்.

சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளைக் கூட்டை இங்கே யாரும் எறிவதில்லை. புல்லில் முழங்காலிட்டுத் தேடிப் பொறுக்கி வந்து, கழுவி, புது வெடிமருந்தும் புதுக் குண்டும் வைத்துத் திரும்பவும் சுடுவோம். கஞ்சத்தனம் என்பார்கள் சிலர், கைப்பழக்கம் என்பார்கள் சிலர். கழுவுவதில்தான் வம்பு. வீட்டு மெஷினில் போட்டால் மனைவி சும்மா விடமாட்டாள். ஆகவே கூடுகளைத் தலையணை உறைக்குள் கட்டி, சுற்றிலும் துண்டுகளைத் திணித்து, ஒன்றும் அறியாத முகத்தோடு ஆர்டிஸின் மெஷினில் போட்டுவிடுவோம். துவைக்கிற மெஷினாவது பொறுத்துக்கொள்ளும். உலர்த்தும் டிரையரில் போட்டால் தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்கும் சத்தம் தெருக்கோடி வரை கேட்கும்.

அப்படி ஒரு நாள் டிரையர் அலறியது. ஆர்டிஸ் ஓடிவந்து கதவைத் திறந்து, சுடச்சுட மூட்டையை வெளியே இழுத்துப் போட்டு, அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"யாருதுய்யா இது?"

கடையில் நாலைந்து ஆண்கள் இருந்தோம். எல்லாரும் கூரையைப் பார்த்தோம்.

"யாருதும் இல்லியா? சரி, அப்ப என்னுது" என்றாள்.

அந்த மூட்டை என்னுடையது என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. இப்போதும் சொல்லப்போவதில்லை.

சில நாள் கழித்து அவள் என் கடைக்கு வந்தாள். என் பிழைப்பு கசாப்பு. வேட்டை சீசனில் ஊரார் சுட்டுக்கொண்டு வரும் எல்க் மான்களை அறுத்துப் பொட்டலம் கட்டிக் கொடுப்பேன். குதிரை உயரம் நிற்கும் மிருகம் அது. ஒன்று விழுந்தால் ஒரு வீட்டுக்குக் குளிர்காலம் முழுக்கக் கறி. ஆர்டிஸ் என் அறுக்கும் மேஜையில் இரண்டு பித்தளைக் கூடுகளை நிறுத்தி வைத்தாள்.

"ரோலி, ரெண்டும் ஒரே துப்பாக்கிக் கூடுதானே? அப்புறம் ஏன் ஒன்னு நெட்டையா நிக்குது?"

"அது கிழடு. நிறைய தடவை சுட்டது. ஒவ்வொரு தடவை வெடிக்கிறப்பவும் பித்தளை கொஞ்சம் முன்னாடி ஓடும். கழுத்து நீண்டுக்கிட்டே போகும். அப்பப்ப வாயைச் சீவி அளவுக்குக் கொண்டாரணும்."

"சீவலேன்னா?"

"துப்பாக்கிக்குள்ள கூடு உக்கார்ற குழி அளவாத்தான் இருக்கும். கழுத்து நீண்டா குழியோட முனையில போய் இடிச்சு, உள்ள மடங்கி, குண்டை இறுக்கிப் பிடிச்சுக்கும். குண்டு சட்டுனு போகாது. அந்த அழுத்தம் அத்தனையும் பின்னாடி திரும்பும்."

"பின்னாடி என்ன இருக்கு?"

"சுடுறவன் மூஞ்சி."

அவள் நெட்டைக் கூட்டை எடுத்து விரலிடுக்கில் உருட்டிக்கொண்டே இருந்தாள். "பையன் வளர்ந்து கால்சட்டை குட்டையாகிறதைப் பார்த்திருக்கேன். இங்க கால்சட்டையில்ல வளருது!"

லாண்டிரியோடு கால்சட்டை ஓரம் மடித்துத் தைக்கும் வேலையும் அவளுடையதுதான். இந்தப் பள்ளத்தாக்கில் எவனுக்கு இடது கால் குட்டை, எவனுக்கு வலது கால் குட்டை என்று அவனைப் பெற்றவளை விட ஆர்டிஸுக்கு நன்றாகத் தெரியும். நீளம் என்றால் என்ன என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. தபாலில் ஒரு சீவும் கருவியை வரவழைத்தாள். கையால் சுற்றும் சின்ன யந்திரம். கூட்டை ஒரு முனையில் பூட்டிக் கைப்பிடியைச் சுற்றினால், மறுமுனையில் உள்ள பல் கூட்டின் வாயைச் சுருள் சுருளாகச் சீவித் தள்ளும். அதோடு ஒரு காலிப்பரும் வாங்கினாள். முகத்தில் கடிகாரம் போல முள் சுற்றும், தாடைகளால் கவ்வி அளக்கும் கருவி. வாங்கிய மாதமே எங்கள் எல்லார் மூக்கையும் உடைத்தாள்.

நாங்கள் பாதிப் பேர் காலகாலமாகச் செய்த தப்பு ஒன்று உண்டு. கூட்டை முதலில் சீவிவிட்டு, பிறகு அச்சில் கொடுத்து அழுத்தி வடிவத்துக்குக் கொண்டுவருவோம். அச்சில் அழுத்தினால் அது மறுபடியும் நீளும் என்பது எங்கள் மண்டையில் ஏறியதே இல்லை. ஆர்டிஸ் கேட்டாள்: "புதுத் துணிய எவளாவது துவைக்காம ஓரம் அடிப்பாளா? துவைச்சதும் சுருங்கிக் கணுக்காலுக்கு மேல நிக்காதா? இதுவும் அதேதான்யா, தலைகீழா. முதல்ல அச்சு, அப்புறம் சீவல். இதுகூடத் தெரியாமலா இத்தனை நாளா மூஞ்சியோட இருக்கீங்க?"

அன்றிலிருந்து "துவைக்காத துணிக்கு ஓரம் அடிக்காதே" என்பது இந்தப் பக்கத்தில் பழமொழியாகிவிட்டது. கல்யாணம் பேசும் வீட்டில்கூடச் சொல்கிறார்கள்.

கொஞ்சம் கொஞ்சமாக ஊரே தன் கூடுகளை அவளிடம் கொண்டுவந்தது. மருந்து நிரப்புவது அவரவர் பாடு. சீவுவது ஆர்டிஸின் பாடு. டிரையர்களுக்குப் பின்னால், கதகதப்பான மூலையில் அவள் மேஜை. ஒவ்வொரு கூட்டையும் சீவி, வாயின் உள் விளிம்பையும் வெளி விளிம்பையும் உதட்டில் வைத்தால் உறுத்தாதபடி வழித்து, வளைந்த கம்பியொன்றை உள்ளே விட்டு அடிப்பக்கத்தைத் தடவிப் பார்ப்பாள். பித்தளை முன்னால் ஓடியிருக்கிறது என்றால் அடியில் எங்கோ மெலிந்திருக்கிறது என்று அர்த்தம். கம்பி முனையில் பள்ளம் தட்டுப்பட்டால் முடிந்தது கதை. குறடால் ஒரே நசுக்கு. சொந்தக்காரன் எதிரே நின்று கெஞ்சினாலும் கேட்கமாட்டாள்.

"ஐயோ ஆர்டிஸ், அது இன்னும் ரெண்டு தடவை தாங்குமே!"

"உன் மூஞ்சி தாங்குமா?"

இதற்கு மேல் எவன் பேசுவான்? அவள் கண்ணில் விரலை விட்டு ஆட்டுவாள் என்று வெளியே திட்டிக்கொள்வோம், மறுநாள் அடுத்த பையைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்போம். நான் வெளிப்படையாகவே சொல்கிறேன், எங்கள் ஊரில் தன் வேலையை அவ்வளவு அழகாகச் செய்தவர் வேறு யாரையும் நான் பார்த்ததில்லை. போதகரின் பிரசங்கமும் சரி, என் கத்தியும் சரி, அவளுக்கு அப்புறம்தான்.

ஒரே ஒரு தொல்லை, அந்தச் சுருள்கள். பித்தளைச் சீவல் தலைமுடியை விட மெல்லியது. காந்தம் வைத்தால் ஒட்டாது, துடைப்பத்தில் மாட்டாது, பறந்து போய் எங்கேயாவது குடியேறும். ஒரு முறை எங்கள் போதகர் பிரசங்கத்தின் நடுவே நெளிந்துகொண்டே இருந்தார். அவர் மனைவி மார்வா மறுநாள் லாண்டிரிக்கு வந்து, சுற்றும் முற்றும் பார்த்து, குரலைத் தாழ்த்தி, "ஆர்டிஸ், தப்பா நினைச்சுக்காதீங்க... எங்க வீட்டுக்காரரோட உள்ளாடையில ஏதோ மினுமினுப்பா..." என்று இழுத்தாளாம். அதைச் சொல்லவே அவள் அரை மணி நேரம் வானிலை பேச வேண்டியிருந்தது.

எங்கள் ஊர்க்காரர்கள் அப்படித்தான். பக்கத்து வீடு தீப்பிடித்தாலும், "தொந்தரவுக்கு மன்னிக்கணும், உங்க பக்கம் கொஞ்சம் கதகதப்பா இருக்கோ?" என்று கேட்கிற ரகம். யார் முகத்துக்கு நேரேயும் குறை சொல்லிவிடக் கூடாது. அந்தக் குணத்துக்குச் சிலை வைப்பதென்றால் வெண்டல் ஸ்ட்ரூப் போலத்தான் வைக்க வேண்டும். டிராக்டர் ரிப்பேர்காரன். சின்ன வயதில் வெல்டிங் பொறி பட்டு ஒரு கண் போய்விட்டது. மிச்சமிருக்கும் ஒரு கண்ணால் எங்கள் எல்லாரையும் விட நன்றாகச் சுடுவான். ஆனால் வாய்? தன் நாயைக்கூட "வாங்க, சாப்பிடுங்க" என்பானோ என்று எனக்குச் சந்தேகம். ஹோட்டலில் காபியில் ஈ கிடந்தால் ஈயை ஒதுக்கிவிட்டுக் குடித்துவிட்டு, அருமையான காபி என்று சொல்லிவிட்டு வருவான்.

அவன் துப்பாக்கி அவனே கடைந்து செய்தது. கூடு உட்காரும் குழியைக் கொஞ்சம்கூட இடம் விடாமல் இறுக்கமாக வெட்டியிருந்தான். குறி துல்லியமாக விழும், ஆனால் நீளமான கூட்டை அது மன்னிக்காது. எங்கள் துப்பாக்கிகள் பழைய செருப்பு மாதிரி, எதைப் போட்டாலும் கொள்ளும்.

அந்த வருஷம், தொண்ணூறுகளின் தொடக்கம், வெண்டலுக்குக் குலுக்கலில் சாலாக் மேட்டுக்கு வேட்டை அனுமதி விழுந்தது. பெரிய கொம்பு எல்க்குகள் இருக்கும் இடம். பெயர் கொடுத்துக் கொடுத்து எத்தனையோ வருஷம் காத்திருந்தவன். சீசனுக்கு முந்தின வாரம், கூடுகளை ஆர்டிஸிடம் வாங்கிக்கொண்டு போகும்போது சிரித்தான். வெண்டல் பல்லைக் காட்டி அன்றுதான் பார்த்தேன்.

சீசன் தொடங்கிவிட்டது. ஒரு நாள் மத்தியானம், கூரையிலிருந்து தொங்கும் ஒரு எல்க்கை நான் அறுத்துக்கொண்டிருந்தேன். ஆர்டிஸ் உள்ளே வந்தாள். கையில் காலிப்பர். முகத்தில் ஈயாடவில்லை.

"ரோலி, கத்தியக் கீழ வை. இதைப் பாரு."

காலிப்பரின் தாடைகளை மூடினாள். முள் பூஜ்யத்தில் நிற்க வேண்டும். நிற்கவில்லை, பூஜ்யத்துக்குக் கீழே இறங்கியிருந்தது.

"கீழ விழுந்துச்சா?"

"இல்ல. இன்னிக்குத் தாடைய அடி வரைக்கும் துணியால துடைச்சேன். இது வந்துச்சு." அவள் உள்ளங்கையில் ஒரு பித்தளைச் சுருள், கண்ணிமை மயிரளவு. "தாடையோட இடுக்குல ஒட்டிக்கிட்டு இருந்திருக்கு. நான் அதைப் பார்க்காம, மூடினப்ப முள் நின்ன இடத்தையே பூஜ்யமாத் திருப்பி வெச்சிருக்கேன். அதுக்கப்புறம் அளந்த ஒவ்வொன்னும் நிஜத்தை விடக் குட்டையாக் காட்டியிருக்கு. சரியான அளவுன்னு நினைச்சு நீளமாவே விட்டுட்டேன். போன வாரம் சீவினது முழுக்க, ரோலி. ஊரு முழுக்க."

யானைக்கும் அடி சறுக்கும். ஆனால் தன் சீவலே தன் கண்ணில் மண்ணைத் தூவும் என்று யார் எதிர்பார்த்தது? நான் அவளைத் தேற்றப் பார்த்தேன்.

"விடு ஆர்டிஸ். ஒரு மயிரிழைதானே? நம்ம துப்பாக்கி எல்லாம் ஓட்டைப் பானை, இதெல்லாம் அதுக்கு உறைக்கவே உறைக்காது. யாருக்கும் தெரியப்போறதில்ல."

"வெண்டலுக்கு?"

நான் கத்தியைக் கீழே வைத்தேன்.

"அவன் மலையில இருக்கான்," என்றாள். "அவன்கிட்ட இருக்கிறது ஒரே கண்ணு. அந்தக் கண்ணைத்தான் துப்பாக்கிக்குப் பின்னாடி வெச்சுக் குறி பார்ப்பான்."

கிளம்புவதற்கு முன் என் கடைத் தொலைபேசியை எடுத்தாள். எங்கள் உள்ளூர் வானொலியில் மத்தியானம் தொலைந்த மாடு, விற்பனைக்கு வைக்கோல் எல்லாம் வாசிப்பார்கள். அவர்களைக் கூப்பிட்டாள்.

"எழுதிக்குங்க. போன வாரம் ஆர்டிஸ் ஹௌகன்கிட்ட சீவின கூடுகள யாரும் சுட வேண்டாம். அளவு தப்பு. தப்பு ஆர்டிஸோடது. எல்லாத்தையும் திருப்பிக் கொண்டாங்க."

நான் கையை ஆட்டி ஆட்டித் தடுத்தேன். "பேரைச் சொல்லாதம்மா! நாளைக்கு எவன் உன்கிட்ட வருவான்? பொதுவா, 'கூடுகளை அளந்து பார்க்கவும்'னு சொன்னா போதாதா?"

அவள் தொலைபேசியின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். "பொதுவாச் சொன்னா ஒவ்வொருத்தனும் அடுத்தவனுக்குச் சொல்றாங்கன்னு நினைச்சுக்குவான். நீ நினைக்க மாட்ட?"

நினைப்பேன். அதனால் ஆட்டிய கையை இறக்கிக்கொண்டேன். இத்தனை வருஷம் சேர்த்த நல்ல பெயரை அவள் ஒரு நிமிஷத்தில் காற்றில் விட்டாள். குரல்கூட நடுங்கவில்லை. அந்த இடத்தில் நானாக இருந்திருந்தால் சுருளை ஊதிவிட்டு முள்ளைத் திருப்பிவைத்திருப்பேன்.

என் பிக்கப் வண்டியில் பாதை முடியும் வரை போனோம். வெண்டலின் வண்டி அங்கே நின்றது. அதற்கு மேல் நடைதான். கணுக்கால் ஆழப் பனி. ஆர்டிஸ் கனத்த உடம்புக்காரி. லாண்டிரித் தரையில் நின்று நின்று முழங்கால் இரண்டும் போனவள். துணி அலசும்போது போடும் ரப்பர் பூட்ஸோடே வந்துவிட்டாள். மரத்தைப் பிடித்து ஏறுவாள், நின்று மூச்சு வாங்குவாள், மறுபடியும் ஏறுவாள். வழியெல்லாம் காதைத் தீட்டிக்கொண்டே நடந்தோம். மலையில் துப்பாக்கிச் சத்தம் கேட்டால் சாதாரணமாக எனக்குச் சந்தோஷம் வரும். அன்று கேட்டுவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டேன்.

மேட்டின் விளிம்பில் ஏறியதும் வெண்டலைப் பார்த்தோம். விழுந்து கிடந்த ஒரு மரத்தின் மேல் துப்பாக்கியைத் தாங்கி, குப்புறப் படுத்திருந்தான். கன்னம் துப்பாக்கியில் ஒட்டியிருந்தது. எதிரே புல்வெளியில் ஒரு எல்க். அப்படி ஒரு கொம்பை நான் என் கடையில் ஒரு நாளும் தொங்கவிட்டதில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் எதற்காக மலை ஏறினேன் என்று எனக்குத் தெரியும். இருந்தும், அந்த மிருகத்தைப் பார்த்ததும் என் முழங்கால் தானாக மடங்கியது, என் கை ஆர்டிஸின் தோளைப் பிடித்துக் கீழே அமுக்கியது. ஒருவன் குறி வைத்திருக்கும்போது சத்தம் போடக் கூடாது. இந்த ஊரில் ஞானஸ்நானத்தோடு சேர்த்துப் புகட்டிய பாடம் அது.

ஆர்டிஸ் என் கையைத் தட்டிவிட்டாள். ஓடுகிற டிரையர்களுக்கு மேலே பேசிப் பேசி உரமேறிய குரல் அவளுடையது.

"வெண்டல்! சுடாத! சுடாத!"

மலை முழுக்க எதிரொலித்தது. எல்க் ஒரு தடவை தலையைத் தூக்கிப் பார்த்தது, மரங்களுக்குள் போய்விட்டது. வெண்டல் துப்பாக்கியிலிருந்து கன்னத்தை எடுத்தான். பிறகு எழுந்து, முழங்காலில் ஒட்டிய பனியைத் தட்டிவிட்டு, எங்களைப் பார்த்துத் தொப்பியைத் தொட்டான்.

"வாங்க ஆர்டிஸ். வாங்க ரோலி. காபி சூடா இருக்கு, குடிக்கிறீங்களா?"

வேறு எவனாக இருந்தாலும் எங்கள் இருவரையும் மலையிலிருந்து உருட்டி விட்டிருப்பான்.

ஆர்டிஸ் மூச்சிரைக்க எல்லாவற்றையும் சொன்னாள். சுருள், முள், நீளம், எல்லாம். வெண்டல் தன் பூட்ஸின் முனையையே பார்த்துக்கொண்டு கேட்டான். பிறகு தொண்டையைக் கனைத்தான்.

"அது... பார்த்தேங்க."

"எதைப் பார்த்தே?"

"கொஞ்சம் நீளமா இருந்த மாதிரி இருந்துச்சு. வீட்ல நானே சீவிக்கிட்டேன். மருந்து வைக்கிறதுக்கு முன்னாடியே."

ஆர்டிஸ் அந்த மரத்தின் மேல் பொத்தென்று உட்கார்ந்தாள். அழுதாள். மூக்கைச் சிந்திச் சிந்தி, "கண்ணு தப்பிச்சுது, கண்ணு தப்பிச்சுது" என்று சொல்லி அழுதாள். வெண்டல் கைக்குட்டையை நீட்டினான். அவள் அதை வாங்கிக் கண்ணைத் துடைத்தாள், பாதியில் நிறுத்தினாள்.

"எப்போ பார்த்தே?"

"வாங்கிட்டுப் போன அன்னிக்கே..."

"அன்னிக்கேவா? சீசன் தொடங்குறதுக்கு முன்னாடியா?"

"ஆமாங்க."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

வெண்டல் துப்பாக்கியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினான். "இத்தனை வருஷத்துல உங்க கையில தப்பு வந்ததே இல்ல. ஒரே ஒரு தடவை... அதைப் போய் எப்படிச் சொல்றது? உங்க மனசு கஷ்டப்படுமேன்னு..."

"என் மனசா?" அவள் எழுந்துவிட்டாள். "யோவ், என் மனசுக்கு என்னய்யா ஆகும்? வீங்கினா ஐஸ் வெச்சுக்குவேன்! உன்கிட்ட இருந்த அதே கூடு இன்னிக்கு ஊர்ல அத்தனை பேர் பையிலயும் இருக்கு. ஒருத்தன் துப்பாக்கி இறுக்கமா இருந்தா? உனக்குத் தெரியும். தெரிஞ்சும் நீ பாட்டுக்கு உன் கண்ணை மட்டும் காப்பாத்திக்கிட்டு, மரியாதையா மலை ஏறிட்ட. தப்புப் பண்ணினவ நான்தான், இல்லேங்கல. ஆனா நான் அறியாமப் பண்ணினேன். நீ?"

வெண்டல் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். அந்த ஒற்றைக் கண்ணைப் பார்க்க எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் அவள் சொன்னதில் எந்த இடத்தில் அவனுக்காகப் பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. கடைசியில் காபியைக் குடித்துவிட்டு மூன்று பேரும் இறங்கினோம்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வானொலி கேட்டு எல்லாரும் கூடுகளைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். சிலர் ஏற்கெனவே சுட்டுவிட்டிருந்தார்கள். அவர்களுடைய ஓட்டைப் பானைகள் தாங்கிக்கொண்டன. எல்லாவற்றையும் ஆர்டிஸ் சும்மாவே மறுபடி சீவிக் கொடுத்தாள். வெண்டலுக்கு அந்த வருஷம் எல்க் கிடைக்கவில்லை. அவன் வீட்டுப் பின்வாசலில் யாரோ ஒரு தொடைக் கறியைப் பொட்டலம் கட்டி வைத்துவிட்டுப் போனார்கள் என்று கேள்வி. பொட்டலம் கட்டியிருந்த அழகைப் பார்த்தால் கைதேர்ந்த ஆள்தான்.

கொஞ்ச நாள் ஊரில் கிண்டல் இருந்தது. "ஆர்டிஸ், என் கால்சட்டையும் தரையக் கூட்டுது, வானொலியில சொல்லட்டுமா?" என்பார்கள். அவளும் சிரிப்பாள். ஆனால் அடுத்த இலையுதிர்காலம் வந்தபோது லாண்டிரியில் புதுச் சட்டம் வந்தது. துணி மடிக்கும் மேஜையில் ஒரு சங்கிலி, சங்கிலியில் ஒரு காலிப்பர், மேலே அட்டையில் அவள் கையெழுத்து: அளந்து பார். தப்பு இருந்தால் என் முகத்துக்கு நேரே சொல். அளக்காமல் யாரும் பையை எடுத்துக்கொண்டு போகக் கூடாது.

அதைவிட எங்களைத் தூக்கில் போட்டிருக்கலாம். செய்து கொடுத்தவள் எதிரே நிற்க, அவள் கையில் குறை தேடுவதா? ஆண்கள் காலிப்பரைச் சும்மா தொட்டுவிட்டு, "பிரமாதம் ஆர்டிஸ், பிரமாதம்" என்று நழுவப் பார்த்தார்கள். அவள் விடவில்லை. "எது பிரமாதம்? எண்ணைச் சொல்லு." ஒருவன் வண்டியில் உட்கார்ந்து ரகசியமாகத் தன் காலிப்பரால் அளந்தான்; அவள் போய் வண்டிக் கதவைத் திறந்து அவனை உள்ளே கூட்டிவந்தாள்.

வெண்டல் வரமாட்டான் என்று நினைத்தேன். ஒரு சனிக்கிழமை காலை, கூட்டம் நிறைந்த நேரத்தில் வந்தான். நான் என் ரத்தக்கறை ஏப்ரன்களை டிரையரில் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஆர்டிஸ் அவன் பையை மேஜையில் வைத்துவிட்டு, எதிரே ஒரு படுக்கை விரிப்பை மடிக்கத் தொடங்கினாள்.

அவன் ஒவ்வொன்றாக அளந்தான். ஒன்றில் நின்றான். திரும்ப அளந்தான். தாடைகளை அடி வரை சட்டை நுனியால் துடைத்து, மறுபடியும் அளந்தான். காது சிவந்துவிட்டது. ஓரக்கண்ணால் ஆர்டிஸைப் பார்த்தான். அவள் விரிப்பின் மூலைகளைச் சேர்ப்பதிலேயே குறியாக இருந்தாள். அவன் கை மெதுவாக அந்தக் கூட்டோடு சட்டைப் பையை நோக்கிப் போனது.

எனக்குப் புரிந்துவிட்டது. வீட்டுக்குப் போய்த் தானே சீவிக்கொள்ளப் போகிறான். பாவி மனுஷா, மறுபடியுமா என்று மனசுக்குள் கத்தினேன்.

கூடு பையின் வாய் வரை போனது. அங்கேயே நின்றது. வெண்டல் அதை வெளியே எடுத்து, மேஜையைச் சுற்றிக்கொண்டு நடந்து, ஆர்டிஸின் முன்னால் போய் நின்றான்.

"ஆர்டிஸ்."

"என்ன?"

"இது நீளம்."

"எது?"

"இதுதான்." எச்சிலை விழுங்கினான். பிறகு, டிரையர்களுக்கு மேலே கேட்கிற மாதிரி, "நீ தப்பா சீவியிருக்க!" என்றான்.

துணி மடித்துக்கொண்டிருந்த பெண்கள் அத்தனை பேரும் அப்படியே நின்றுவிட்டார்கள். வெண்டல் ஸ்ட்ரூப் ஒருவரை 'நீ' என்று சொல்லி இந்த ஊர் கேட்டதில்லை. ஆர்டிஸ் கூட்டை வாங்கினாள். அளக்கக்கூட இல்லை. அப்படியே பழம்பித்தளை டப்பாவில் போட்டுவிட்டு, அவன் இரண்டு கன்னத்தையும் பிடித்துக் குலுக்கினாள்.

"ஒரு வருஷமாக் காத்துக்கிட்டு இருந்தேன்யா இந்த ஒரு வார்த்தைக்கு!"

வெண்டல் சிரித்தான். இந்தத் தடவை எல்லாப் பல்லும் தெரிந்தது.

அவன் மேஜைக்குத் திரும்பி மிச்சக் கூடுகளை அளக்கத் தொடங்கியதும் நான் அவள் பக்கத்தில் போய் நின்றேன். "மறுபடியும் சறுக்கிட்டியே, ஆர்டிஸ்" என்றேன் மெதுவாக.

"சறுக்கவும் இல்ல, வழுக்கவும் இல்ல. வேணும்னுதான் அந்த ஒன்னை நீளமா விட்டேன்."

"அடிப்பாவி! அவன் வாயத் திறக்காம சட்டைப் பையில போட்டுக்கிட்டுப் போயிருந்தா?"

"எப்படிப் போவான்?" என்று விரிப்பை உதறினாள். "கதவைத்தான் பூட்டி வெச்சிருக்கேனே."

திரும்பிப் பார்த்தேன். கதவு தாழ் போட்டிருந்தது. கண்ணாடிக்கு வெளியே, கொட்டுகிற பனியில், துணிக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு மார்வா நின்றிருந்தாள். தோளெல்லாம் வெள்ளை. எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ. நான் ஓடிப்போய்க் கதவைத் திறந்து, ஏன் தட்டவில்லை என்று கேட்டேன்.

"உள்ள எல்லாரும் ஏதோ முக்கியமாப் பேசிட்டு இருந்தீங்க," என்றாள் பல் கிட்டிக்க. "தொந்தரவு பண்ண வேண்டாமேன்னு..."